ஐப்பசி மழையில் வந்த தண்ணீர் லாரிகள்

இதுவரையிலான என் வாழ்வில் ஒரே ஒரு கொள்கைக்காகத்தான் நான் உறுதியாக நின்று போராடியிருக்கிறேன். அந்தப் போராட்டத்தைத் தண்ணீர் லாரிகள் முடித்து வைத்தன. அதுவும் கொட்டுகிற மழையில்.

கொள்கை மிக எளியது. ஒரு பொருளை யார் பயன்படுத்தப் போகிறார்களோ, அவர்களைக் கேட்காமல் அதை உருவாக்கக் கூடாது. சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு இது வேதவாக்கு. படித்து முடித்தபோது குடிசைப் பகுதிகளின் தலையெழுத்தை மாற்றப் போவதாகத்தான் நினைத்திருந்தேன். காலம் என்னைப் பள்ளிக்கரணையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் கொண்டு உட்கார வைத்தது. செல்போன் செயலி ஒன்றில் எந்தப் பட்டன் எங்கே இருந்தால் மக்களுக்குச் சுலபம் என்று, அந்த மக்களிடமே போய்க் கேட்டு வந்து சொல்வது என் வேலை. பயனர் அனுபவ வடிவமைப்பு என்று இதற்குக் கம்பீரமான பெயர் உண்டு. (“பட்டன் எங்க வெக்கணும்னு சொல்றதுக்கு ஒரு எம்.ஏ.வா? நம்ம டெய்லர் சொல்லிடுவாரே” என்பது அப்பாவின் கருத்து. அப்பா அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான் இருக்கும்.)

தவறான இடத்தில் வைக்கப்பட்ட ஒரு பட்டனால் ஒரு முதியவரின் ஒரு நாள் வீணாகலாம், ஒரு கர்ப்பிணி தவறான மருத்துவமனைக்குப் போகலாம் என்றெல்லாம் நான் அப்பாவுக்கு விளக்குவேன். விருந்தாளிகளுக்கு விளக்குவேன். தாம்பரம் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் விளக்கியிருக்கிறேன். அவர் குரோம்பேட்டையிலேயே இறங்கிவிட்டார். இறங்க வேண்டிய இடம் அதுதானா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

அந்த நிலையில்தான் எங்கள் அலுவலகத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது.

வந்ததும் முதலில் திரைகளை வரைய ஆரம்பித்தது. எங்கள் வடிவமைப்பாளர்கள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைவதை, ஒரு டீ ஆறுவதற்குள் வரைந்து வரிசையாக நிறுத்தியது. வரைகிறவர்களாக இருந்தவர்கள் தேர்ந்தெடுக்கிறவர்களாக ஆனார்கள். பிறகு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் அதுவே சொல்லத் தொடங்கியதால், தலையசைக்கிறவர்களாக ஆனார்கள். நான் அவர்களுக்காக மனப்பூர்வமாக வருந்தினேன். என் வேலைக்கு ஆபத்தில்லை என்ற நிம்மதியோடு வருந்துவது எவ்வளவு சுகமானது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அந்தச் சுகம் ஒரு திங்கட்கிழமை முடிந்தது. என் மேலாளர் கார்த்திக் நல்லவர். எந்தப் புதுப் பொருளைக் கண்டாலும் புது சைக்கிள் கிடைத்த பையனைப் போல் ஆகிவிடுவார் என்பது ஒன்றுதான் குறை. என்னைக் கூப்பிட்டுத் தன் கணினியைக் காட்டினார்.

“நித்யா, இங்க பாரு. மீனாட்சி. வயசு அம்பத்தெட்டு. ஊரு தாம்பரம். என்ன கேட்டாலும் பதில் சொல்றாங்க.”

திரையில், மல்லிகைப் பூவும் மூக்குத்தியுமாக ஒரு பெண்ணின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே அவளுடைய குணநலன்கள்: காபிப் பிரியர், பேரப்பிள்ளைகள் மீது பாசம் மிக்கவர், சிறிய எழுத்துகள் பிடிக்காது.

“இவங்க யாரு?”

“யாரும் இல்ல. ஏஐ உருவாக்கின யூசர். இந்த மாதிரி எத்தன பேர் வேணும்னாலும் உண்டாக்கிக்கலாம். நீ வெயில்ல வீடு வீடா அலைய வேண்டாம்.”

“இப்படி ஒருத்தங்க உலகத்துலயே இல்லையே, கார்த்திக்.”

“அதான் அட்வான்டேஜே! லேட்டா வரமாட்டாங்க. பேசிக்கிட்டு இருக்கும்போதே குக்கர் விசில் அடிக்குதுன்னு எழுந்து போகமாட்டாங்க.”

நான் மீனாட்சியிடம் ஒரு கேள்வி தட்டினேன். வீட்டில் தண்ணீர் வராவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்? மீனாட்சி கண்ணிமைக்கும் நேரத்தில் பதிலளித்தாள்: ‘நான் பொறுமையாகச் செயலியைத் திறந்து, எனக்கு வசதியான நேரத்தைத் தேர்ந்தெடுப்பேன்.’

தாம்பரத்தில் தண்ணீர் வராத நாளில் எதையாவது பொறுமையாகத் திறந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு முதலில் திறக்கப்படுவது அம்மாவின் வாய்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்களுக்கு அப்போது கிடைத்திருந்த வாடிக்கையாளர் ஏழுமலை, மேடவாக்கம் பக்கம் தண்ணீர் லாரிகள் ஓட்டுகிறவர். குடும்பம் ஒரு காலத்தில் நெல் போட்டது. இப்போது அதே நிலத்துக் கிணற்றிலிருந்து எடுக்கும் தண்ணீரை அபார்ட்மென்ட்டுகளுக்கு விற்கிறது. போனில் ஆர்டர் எடுத்து எடுத்துக் காது வலிப்பதால், அவருக்கு ஒரு செயலி வேண்டியிருந்தது.

நான் கார்த்திக்கோடு சண்டை போட்டேன். சண்டை என்றால் என் பாணியில். பக்கம் பக்கமாக மின்னஞ்சல். இல்லாத மனுஷியின் கருத்தைக் கேட்டு, இருக்கிற மனிதர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எந்த வகை நியாயம் என்று கேட்டிருந்தேன். கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

“சரி. ஒரே ஒரு செஷன். ஏழுமலை சார் முன்னாடியே நடத்து. நிஜ ஆளுங்கள கூட்டிட்டு வா. மீனாட்சி சொல்லாத ஒண்ண உன் ஆளுங்க சொல்லிட்டாங்கன்னா, நீ சொன்னபடி இனிமே எல்லா ப்ராஜெக்ட்டும் நிஜ மனுஷங்கள வெச்சுத்தான். இல்லன்னா இந்த வேலைய ஏஐ பாத்துக்கட்டும். உன்ன வேற டீம்ல பாப்போம்.”

(‘வேற டீம்ல பாப்போம்’ என்றால் எங்கள் துறையில் என்ன பொருள் என்பது, அப்படிச் சொல்லப்பட்டு இப்போது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.)

சோதனைக்கு ஆள் தேடுவதற்கு விதிகள் உண்டு. சொந்தக்காரர்கள் கூடாது, தெரிந்தவர்கள் கூடாது. இந்த விதியை நானே பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ரோட்டின் மேல் ஏறி வந்து நின்றது. ஒப்புக்கொண்டிருந்த அந்நியர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வீட்டில் போனில் நான் ஒரு தோழியிடம் “இது சொதப்பிச்சுன்னா வேலையே போயிடும்டி” என்று அழுதுகொண்டிருந்தபோது, அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

“ஆளுதானே வேணும்? நம்ம காலனில இல்லாத ஆளா?” என்றார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் காலனி ஆசிரியர்களால் கட்டப்பட்டது. வீட்டுக்கு ஒரு ஆசிரியர், சில வீடுகளில் இரண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சரோஜா டீச்சரின் தலைமையில் அம்மா, எதிர்வீட்டு லலிதா ஆன்ட்டி, இன்னும் இரண்டு பேர் என ஐந்து பெண்கள் அன்று மாலையே தயாரானார்கள். எல்லோருமே தண்ணீர் லாரிக்குப் போன் செய்து செய்து சலித்தவர்கள். இவர்களைவிட உண்மையான பயனர்கள் யார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். விலை குறைந்த போனில் எழுத்து எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காக, அந்தச் செயலியின் மாதிரியை முன்பொரு நாள் அம்மாவின் போனில் ஏற்றியிருந்தேன். அது அங்கேயே இருந்தது.

சோதனை நாளன்று, வாடகை வேனில் ஏறும் முன் அம்மா எல்லோருக்கும் ஒரு ஸ்பூன் தயிரும் சர்க்கரையும் கொடுத்தார். எல்லோர் நெற்றியிலும் விபூதி. வேனில் யாரும் ஊர்வம்பு பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தார்கள். மழை நிற்க வேண்டுகிறார்கள் என்று எண்ணினேன். மேடவாக்கம் தாண்டும்போது லலிதா ஆன்ட்டி என் தோளைத் தட்டினார்.

“நித்யா, நெகட்டிவ் மார்க் உண்டா?”

“ஐயோ ஆன்ட்டி, இது பரீட்சை இல்ல. நாங்க செயலியத்தான் சோதிக்கிறோம், உங்கள இல்ல. தப்பா பண்ணாத்தான் எங்களுக்கு உபயோகம்.”

அவர் சரோஜா டீச்சரைப் பார்த்தார். டீச்சர், ‘இப்படித்தான் சொல்லுவாங்க, நம்பாத’ என்பது போல் லேசாகத் தலையை ஆட்டினார். எத்தனையோ தேர்வுக் கூடங்களைக் கண்ட தலை அது.

இவ்வளவு அறிகுறிகளையும் கண்முன்னே வைத்துக்கொண்டு, மனிதர்களைக் கூர்ந்து கவனிப்பதே தன் தொழில் என்று சொல்லிக்கொள்ளும் ஒருத்தி, ஜன்னல் வழியாக மழையை ரசித்தபடி போனாள். அவள் பெயர் நித்யா.

அலுவலகத்தின் பெரிய அறையில் ஏழுமலை வெள்ளை வேட்டியை முழங்கால் வரை மடித்துக் கட்டியபடி உட்கார்ந்திருந்தார். கீழே தெருவில் அவ்வளவு தண்ணீர்.

“இன்னாமா, ஸ்டார்ட் பண்ணலாமா? வண்டிங்கள்லாம் ஏத்திக்கினு மேடவாக்கம் ஸ்டாண்ட்ல நிக்குது. பொம்ம காட்ற வேலையெல்லாம் நம்மகிட்ட வாணாம். அமுத்துனா வண்டி நகரணும். அப்பதான் நான் நம்புவேன்.”

அவருடைய இந்தப் பிடிவாதத்தால், சோதனைச் செயலி அவருடைய ஓட்டுநர்களின் போன்களோடு நிஜமாகவே இணைக்கப்பட்டிருந்தது. ஆபத்தில்லாத வழி ஒன்றை நான் திட்டமிட்டிருந்தேன். பெண்கள் ஒவ்வொருவரும் லாரி பதிவு செய்யும் படிகள் வரை போவார்கள். கடைசித் திரையில் ‘பிறகு பார்க்கலாம்’ என்பதை அழுத்தித் திரும்பிவிடுவார்கள். எல்லாம் முடிந்தபின் கார்த்திக் மட்டும் ‘உறுதி செய்’ என்பதை அழுத்த, ஒரே ஒரு லாரி வரும், ஏழுமலை கைதட்டுவார்.

அப்பா எங்களோடு டிபன் தூக்குகளைச் சுமந்து வந்திருந்தார். அவருக்குச் சோதனையில் வேலை இல்லாததால் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளை விரித்தார்.

அலுவலக முகவரி பதிந்த போன் ஆளுக்கொன்று கொடுத்தேன். சுவரில் பெரிய திரை. அதில் செயற்கை நுண்ணறிவு நாங்கள் செய்வதையெல்லாம் கவனித்து, உடனுக்குடன் அறிக்கை எழுதும். நான் எழுந்து நின்று, ஏழுமலையைப் பார்த்து என் உரையைத் தொடங்கினேன். பயனர் தடுமாறினாலும், தவறு செய்தாலும் நாம் குறுக்கிடக் கூடாது, எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, அவர்களுடைய தடுமாற்றம்தான் நமக்குப் பாடம் என்று விளக்கினேன். விளக்கியபடியே பெண்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கொள்கை.

என் முதுகுக்குப் பின்னால் தடுமாற்றமே இல்லை. பொதுத் தேர்வில் முதல் கேள்விக்கு எழுதுகிற வேகத்தில் விரல்கள் தட்டும் சத்தம் கேட்டது. பெரிய திரையில் வரிகள் ஒவ்வொன்றாக மலர்ந்தன.

‘பயனர்கள் தயக்கமின்றிச் செயல்படுகின்றனர்.’

‘பயனர்களின் தன்னம்பிக்கை மிக உயர்ந்த நிலையில் உள்ளது.’

‘வடிவமைப்பு மிகச் சிறப்பு. மாற்றம் தேவையில்லை.’

கார்த்திக்கின் முகம் மலர்ந்தது. என் முகம் வாடியது. மனிதர்கள் குறை சொல்வார்கள் என்று பந்தயம் கட்டியவள் நான். இவர்களோ மீனாட்சிக்கு அக்கா தங்கைகளாக இருந்தார்கள்.

“பாத்தியா நித்யா? மீனாட்சி சொன்னதேதான்” என்றார் கார்த்திக் மெதுவாக. ‘வேற டீம்’ என்ற சொற்கள் அறையில் மிதந்தன.

“திரும்ப ஒரு தடவ சரி பாத்துக்கோங்க” என்று பின்னாலிருந்து சரோஜா டீச்சரின் கிசுகிசுப்பு கேட்டது. மறுபடியும் விரல்கள் தட்டின. திரையில், ‘பயனர்கள் இந்தச் செயலியை மீண்டும் மீண்டும் பயன்படுத்த விரும்புகின்றனர்.’

ஏழுமலையின் போன் அலறியது.

“சொல்றா... இன்னா? நாலு வண்டியா? ஒரே அட்ரஸுக்கா? டேய், காலீலயே ஏத்திக்கினியா நீ?” அவர் காதிலிருந்து போனை எடுப்பதற்குள் இன்னொரு அழைப்பு. “யாரு, குமாரா? நீயும் பள்ளிக்கரணதான் வந்துகினு கீறியா? எவன்டா சொன்னது? ஆப்பா?”

அப்போதுதான் அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

“நித்யா, கீழ லாரி வருதும்மா.”

“ஒண்ணா, அப்பா?”

அப்பா சிறிது நேரம் பார்த்தார். “ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு” என்றார்.

நான் முதன்முறையாகத் திரும்பினேன். ஐந்து பெண்களும் தேர்வை முன்னதாகவே முடித்துவிட்டவர்களின் பெருமிதத்தோடு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லலிதா ஆன்ட்டியின் போனைப் பிடுங்கினேன். ‘உறுதி செய்யப்பட்டது. உங்கள் லாரி வந்துகொண்டிருக்கிறது. நன்றி.’

“ஆன்ட்டி, எத அழுத்தினீங்க?”

ஐந்து பேரும் ஒரே குரலில், வாய்ப்பாடு ஒப்பிக்கும் ராகத்தில் சொன்னார்கள்: “மேலேர்ந்து மூணாவது, வலது கை பச்ச, கீழ இடது மூல!”

கதை அப்போதுதான் வெளியே வந்தது. அம்மா என் அழுகையைக் கேட்டிருக்கிறார். தன் போனில் செயலியையும், என் மேஜையில் சோதனைப் படிகளின் பட்டியலையும் கண்டுபிடித்திருக்கிறார். நாள்தோறும் மாலையில் சரோஜா டீச்சர் வீட்டு ஹாலில் சிறப்பு வகுப்பு நடந்திருக்கிறது. மாதிரித் தேர்வு உட்பட. எழுத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போய்விடும், இடத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள் என்று டீச்சர் உத்தரவிட்டிருக்கிறார்.

“உன் வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானேடி...” என்றார் அம்மா. அதற்குமேல் என்னால் கோபப்பட முடியவில்லை. அது என் எரிச்சலை இன்னும் அதிகமாக்கியது.

“ஆனா இவங்க படிச்சது சரிதானே? கீழ இடதுல ‘பிறகு பார்க்கலாம்’னுதானே வெச்சோம்?” என்று கார்த்திக் பக்கம் திரும்பினேன்.

கார்த்திக் கணினியைத் தட்டினார். அவர் காதுகள் சிவந்தன. அந்தக் கருவிக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரும் கேட்காமலே, தன் கற்பனைப் பயனர்களின் கருத்தைக் கேட்டு, வடிவமைப்பைத் தானே திருத்திக்கொள்ளும். முந்தைய நாள் பல தரப்பினரையும் கருத்தில் கொள்வதற்காக மீனாட்சியை அது இடது கைப் பழக்கம் உள்ளவளாக மாற்றியிருக்கிறது. இடது கை மீனாட்சி, ‘உறுதி செய்’ பட்டன் தன் கட்டைவிரலுக்கு எட்டவில்லை என்று குறைபட்டிருக்கிறாள். அவளுடைய மனக்குறை தீர, இரண்டு பட்டன்களும் இடம் மாறியிருக்கின்றன. லாரி எப்போது வேண்டும் என்ற திரையில் ‘நாளை’ இருந்த பச்சைக் கட்டத்தில் ‘உடனே’ வந்து உட்கார்ந்திருக்கிறது. அன்று காலையிலேயே திறந்து பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கருவியைத் தொடுவதில்லை என்பது என்னுடைய இன்னொரு கொள்கை.

அதாவது, இல்லாத ஒரு பெண்ணின் கட்டைவிரலுக்காக இயந்திரம் பட்டனை நகர்த்தியது. இருக்கிற ஐந்து பெண்கள் இயந்திரத்தைப் போலப் பழைய இடத்திலேயே அழுத்தினார்கள். நடுவில் நான் முதுகைக் காட்டி நின்று, மனிதர்களின் தடுமாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

சுவர்த்திரை மட்டும் அசரவில்லை. ‘பயனர்களிடையே தண்ணீர் மீதான ஆர்வம் எதிர்பார்ப்பை மிஞ்சியுள்ளது’ என்று புதிதாக எழுதியது. வெளியே லாரிகள் ஹார்ன் அடித்தன.

கீழே இறங்கினேன். மழை. தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரில் தண்ணீர் லாரிகள் வரிசையாக நின்றன. எங்கள் கட்டடத்தின் நிலத்தடித் தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. காவலாளி இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்தார். முதல் லாரியின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

“மேடம், ஆர்டர் போட்டது நீங்கதான? லோடோட திரும்பிப் போவ முடியாது. சேத்துல வண்டி மாட்டிக்கும். எங்கனா எறக்கியே ஆவணும்.”

“இந்த மழையில யாருங்க தண்ணி வாங்குவா?” என்று கிட்டத்தட்ட அழுதேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள், சதுப்பு நிலத்தை ஒட்டிய சந்துகளிலிருந்து பெண்கள் குடங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். ஹார்ன் சத்தம் அவர்களுக்கு அழைப்பு மணி. மழை வந்தால் அந்தப் பக்கத்துக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் சாக்கடை கலந்துவிடும். குளிக்கத் தெருவெல்லாம் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. அவர்கள் லாரியின் குழாயைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஏய், அது நம்ம கொடம் பின்னாடி!” “உன்து எங்க கீது இங்க?” என்று பொறுமை என்ற சொல்லுக்கே இடமில்லாமல் தொடங்கியது விநியோகம்.

என் தொழில் புத்தி அந்த நேரத்திலும் போகவில்லை. இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக நின்ற ஒரு அக்காவிடம், நனைந்த என் போனை நீட்டினேன்.

“அக்கா, தண்ணி வேணும்னா இந்த ஆப்புல போடலாம். நீங்க இதுல மொதல்ல எத அழுத்துவீங்க?”

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“ஒரு கையில கொடம் கீது. இடுப்புல கொடம் கீது. மழ ஊத்துது. எதால அமுத்தறது, மூக்காலயா? சும்மா பேஜார் பண்ணாத, அந்தாண்ட நவுரு.”

நகர்ந்தேன். நகர்ந்தபோது பின்னால் நின்றிருந்த கார்த்திக்கின் மேல் மோதினேன். குடையோடு இறங்கி வந்து, அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மாடியில் மீனாட்சி, ‘மழைக்காலத்தில் தண்ணீர் லாரியின் தேவை இருக்காது’ என்று எழுதி வைத்திருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஏழுமலை வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இலவசமாகப் போகும் தன் தண்ணீரைப் பார்த்தார்.

“இன்னா சார் உங்க ஆப்பு? காதலியாட்டம் ஒரே ஆளுக்கு இத்தினி தபா போன் பண்ணுது” என்றார் கார்த்திக்கிடம். பிறகு குடக்காரப் பெண்களைக் காட்டி, “மழைல தான் சார் நம்முளுக்கு யாவாரமே. இவங்க போன எடுத்து மிஸ்டு கால் குடுப்பாங்க, நான் வண்டி அனுப்புவேன். அத கெடுத்துறாதீங்க” என்றார்.

இதை அவரிடம் முதல் நாளே யாராவது கேட்டிருக்கலாம். கார்த்திக் கேட்கவில்லை, மீனாட்சி இருந்ததால். நான் கேட்கவில்லை, உரை தயாரித்துக்கொண்டிருந்ததால்.

அந்தச் செயலி கடைசியில் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், மறுமுனையில் செயற்கை நுண்ணறிவு தெருவின் பெயரைக் கேட்டுப் பதிந்துகொள்ளும். பட்டன் ஒன்றுகூட இல்லை. பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற நான், பட்டனே வேண்டாம் என்று அறிக்கை எழுதினேன். அந்த இயந்திரம் இந்த வேலையை நன்றாகவே செய்கிறது என்பதையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். “சாக்கட தண்ணி வருது, சீக்ரம் அனுப்பு” என்று கத்தினாலும் கோபித்துக்கொள்வதில்லை.

கார்த்திக் தன் வாக்கைக் காப்பாற்றினார். எல்லாச் சோதனைகளும் இப்போது நிஜ மனிதர்களோடுதான். வெற்றிதான். ஆனால் என் காலைகள் மாறிவிட்டன. அலுவலகம் போனதும் முதல் வேலை, இயந்திரம் யாருடைய கட்டைவிரலுக்காக எதை நகர்த்தி வைத்திருக்கிறது என்று திரை திரையாகப் பார்ப்பது. மனிதர்களோடு பேச வேண்டும் என்று வந்தவள், பாதிப் பொழுதை அதற்குக் காவல் காப்பதில் கழிக்கிறேன். சோதனைக்கு வருகிறவர்களிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வியை அலுவலகம் என் அம்மாவின் பெயரால் ‘பத்மா விதி’ என்று அழைக்கிறது: “இதுக்கு முன்னாடி யாராவது உங்களுக்கு இத சொல்லிக் கொடுத்தாங்களா?” அம்மாவுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. சரோஜா டீச்சருக்கு மட்டும் இன்றுவரை மனத்தாங்கல் உண்டு. “சிலபஸ மாத்திட்டு சொல்லாம விட்டா, பசங்க என்ன பண்ணுவாங்க?” என்பார்.

வீட்டில் அந்தக் கதை இன்னும் ஆறவில்லை. மின்கட்டணம் கட்ட யாராவது போனில் ஒன்றை அழுத்தினால், “எதுக்கும் ஒரு தடவ வெளிய பாத்துடு” என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. சொல்லாமல் இருப்பவர் அப்பா ஒருவர்தான் என்று நம்பியிருந்தேன்.

போன தை மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெரியப்பா கேட்டார், “என்னம்மா நித்யா, சம்மதமா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

எனக்குப் பையனை முன்பே பிடித்திருந்தது. யோசிக்கவில்லை. “சம்மதம்” என்றேன் சட்டென்று.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். ஜன்னலருகே போனார். திரைச்சீலையை விலக்கி, தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் நிதானமாகப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன சார் பாக்கறீங்க?” என்று பையன்தான் கேட்டார்.

அப்பா திரைச்சீலையை இழுத்துவிட்டுத் திரும்பினார்.

“ஒண்ணும் வரல மாப்ள. மேல பேசலாம்.”